ஞாயிற்றுக்கிழமைப் படங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீ, மாப்பிள்ளை, குட்டி, சுட்டி எல்லோரும் நலம்தானே? இதற்கு எதற்குக் கடிதம், போன் பண்ணினால் ஆகாதா என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். மிச்சம் கிடைக்கும் நேரத்தில் நீயும் "சரிப்பா, அப்புறம் பேசறேன்பா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது.

மூன்று ஞாயிறாகப் படம் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. வேலை இருந்திருக்கும், மழை பெய்திருக்கும். நடுவில் ஒரு ஞாயிறு அங்கே நல்ல வெயில் என்று வானிலையில் காட்டினார்கள், அது வேறு விஷயம். உன் அம்மாதான் சாயங்காலம் ஆனால் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள். நான் பார்ப்பதில்லை. அவள் பார்த்து வைத்த பிறகு ஒரு தடவை பார்ப்பேன், அவ்வளவுதான்.

கடைசியாக வந்த படத்தைப் பிரிண்ட் போட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அந்த ஏரிக்கரைப் படம். பின்னால் பிர்ச் மரங்கள் முழுக்க மஞ்சள். குட்டி இலைக் குவியலுக்குள் கழுத்து வரை புதைந்து கிடக்கிறாள். மாப்பிள்ளை பிளாஸ்க்கைத் திறக்க முடியாமல் தொடை நடுவில் வைத்துத் திருகிக்கொண்டிருக்கிறார். உன் சிநேகிதி கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். அவளுடைய நாய்களில் குண்டுவின் மூக்கின் மேல் ஒரு இலை ஒட்டியிருக்கிறது, அதற்கே தெரியாது. ஒல்லி வழக்கம்போல் படத்துக்கு வெளியே எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறது. (அவளுடைய நாய்களின் உண்மைப் பெயர் எனக்கு வாயில் நுழைவதில்லை, குண்டு, ஒல்லி என்றே இருக்கட்டும்.) சுட்டி உன் காலடியில். நீ குனிந்து அதன் காதைத் தடவுகிறாய். எல்லாம் நன்றாக இருக்கிறது. உன் இடது கையை மட்டும்தான் நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, மிச்சத்தை விரலுக்குள் மடக்கிப் பிடித்திருக்கிறாய். விரல் மூட்டு வெளுத்துப்போயிருக்கிறது.

அப்படிச் சுற்றாதே பாப்பா. நாய் திடீரென்று பாய்ந்தால் முதலில் ஒடிவது விரல். கயிற்றின் முனையில் ஒரு வளையம் இருக்குமே, அதற்குள் கட்டைவிரலை விட்டு உள்ளங்கைக்குள் பிடி. இன்னொரு கையால் நடுக்கயிற்றைப் பிடி. அது போதும்.

இங்கே இலை எல்லாம் கொட்டி முடிந்துவிட்டது. வடக்கே இருப்பவர்களுக்கு எல்லாம் முன்னாலேயே வந்து முன்னாலேயே முடிகிறது, நிறம் தெற்கே வந்து சேர இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகிறது. அதனால் இங்கே நான் கூட்டித் தள்ளிய இலைகளை அங்கே உன் படத்தில் மரத்தின் மேல் பார்ப்பேன். எனக்கு ஒரு வருஷத்தில் இரண்டு இலையுதிர் காலம், அதுதான் லாபம். இந்த வருஷம் ஒன்றோடு போய்விட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இலை ஊதும் இயந்திரம் வாங்கியிருக்கிறார். அவர் வீட்டு இலை எல்லாம் இப்போது நம் வாசலில். வேறு விசேஷம் இல்லை.

குட்டி போன மாதம் என்னை ஒரு கேள்வி கேட்டாள், இலைக்கு யார் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று. விசாரித்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். படித்துக் காட்டு. யாரும் அடிப்பதில்லை கண்ணு. மஞ்சள் வெயில் காலத்திலேயே இலைக்குள் இருக்கிறது, பச்சையம் அதை மறைத்துக்கொண்டிருக்கிறது. பகல் குறையக் குறைய மரம் பச்சையத்தை உடைத்து, இலையில் இருக்கும் சத்தைக் கிளைக்குள் இழுத்துக்கொள்ளும். பச்சை போனதும் மஞ்சள் தெரியும். சிவப்பு மட்டும் வேறு கதை, அது கடைசி நேரத்தில் புதிதாகச் செய்யப்படுவது. பகலில் நல்ல வெயிலும் ராத்திரியில் உறையாத குளிரும் இருந்தால் சிவப்பு பளிச்சென்று வரும். அப்புறம் காம்பு அடியில் தக்கை மாதிரி ஒரு அடுக்கு வளர்ந்து வழியை அடைத்துவிடும். அதன் பிறகு ஒரு சின்னக் காற்று போதும். காம்பு விழுந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும், மரத்தில் தேடிப் பார்க்கச் சொல்.

குட்டி அந்தக் குவியலில் குதிக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் முதலில் ஒரு குச்சியால் கிளறிப் பார். ஈர இலைக்கு அடியில் கல்லும் இருக்கும், கண்ணாடியும் இருக்கும், எல்லாவற்றையும் விட உண்ணி இருக்கும். குளிர் வந்துவிட்டது, உண்ணி போய்விடும் என்று நினைக்காதே. உறைபனி இறங்காத நாளெல்லாம் அது நடமாடும். வீட்டுக்கு வந்ததும் சுட்டியின் காது மடல், அக்குள், விரல் இடுக்கு, வால் அடி எல்லாம் தடவிப் பார். குட்டிக்கு முழங்கால் பின்புறம், தலைமுடிக்குள். கடித்திருந்தால் முனை மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழு. திருகாதே, எண்ணெய் தடவாதே, நெருப்பு காட்டாதே. சீக்கிரம் எடுத்துவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஓக் கொட்டையை நாய்கள் தின்ன விடாதே, வாந்தி எடுக்கும், குடலில் அடைத்தாலும் அடைக்கும். காளான் பக்கமே விடாதே. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்ததைத்தான் நான் எழுதுகிறேன்.

கயிற்றைச் சுற்றாதே என்று எழுதினேனா? எழுதிவிட்டேன்.

உன்னைப் பற்றி உன் அத்தைகளிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் பெண் ஞாயிறு ஆனால் குடும்பத்தோடு காட்டுக்குள் போய்விடுவாள், எந்தப் பாதை எங்கே பிரியும் என்று அவளுக்குத் தெரியும், இலையைப் பார்த்தே மரத்தின் பெயர் சொல்வாள் என்று. நாங்கள் உங்களை அப்படிக் கூட்டிக்கொண்டு போனது எத்தனை தடவை? விரல் விட்டு எண்ணிவிடலாம். ஞாயிறு என்றால் எனக்குத் தூக்கம், அம்மாவுக்குத் துணி. நீயாகவே இதைக் கற்றுக்கொண்டாய். ஆனால் ஒன்று சொல்கிறேன், போன வருஷம் நாங்கள் வந்திருந்தபோது "அப்பாவுக்கு ஏற்றம் முடியாது" என்று என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போனாய். முழங்கால் வலி அம்மாவுக்கு. எனக்கு இல்லை. நான் ஜன்னலில் நின்று நீங்கள் காரில் நாய்களை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாய், நாலு மனிதர்கள், ஒரு கார். எனக்கு இடம் இல்லைதான். இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

சரி, அதை விடு. போன ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் தள்ளியாகிவிட்டது. செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் சமம். அந்தச் சமயத்தில்தான் பகல் வேகமாகக் குறையும், ஒரு நாளைக்கு மூன்று நிமிஷம் போல. நமக்குத் தெரிவதே இல்லை. போன வாரம் வெளிச்சமாக இருந்த அதே நேரம், அதே இடம், இந்த வாரம் இருட்டு. மான்களுக்கும் இது இணை சேரும் காலம். கிடா மான் மந்தையை விட்டுத் தனியாக ஓடித் திரியும், வெளிச்சம் மங்கும் நேரத்தில்தான் அதிகமாகப் பாதையைக் கடக்கும். எந்த நாயாக இருந்தாலும் மான் வாசனை மூக்கில் ஏறிவிட்டால் நம் குரல் அதன் காதில் விழாது. அதனால் ஒல்லிக்குக் கழுத்துப்பட்டையை மாற்றிவிட்டார்களா?

எழுதிவிட்டேன். அடித்தால் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.

தம்பிதான் சொன்னான். அவன் மேல் கோபப்படாதே. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எனக்குச் சத்தியம் பண்ணச் சொல்லிவிட்டுத்தான் சொன்னான், நானும் பண்ணினேன், இப்போது மீறிவிட்டேன். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வயிற்றில் எதுவும் தங்காது, உனக்குத் தெரியும். அந்த ஞாயிறு ஒல்லி உன் கையில் இருந்ததும், மான் குறுக்கே ஓடியதும், ராத்திரி முழுக்க நீங்கள் டார்ச் வைத்துக்கொண்டு தேடியதும் எனக்குத் தெரியும். காலையில் யாரோ பிடித்து டாக்டரிடம் கொண்டுபோய், தோலுக்கு அடியில் வைத்திருக்கும் சிப்பில் இருந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டார்களாமே. நல்ல வேளை. ஏறக்குறைய ஒரு அரிசி அளவுதான் அது, அதில் பாட்டரி கிடையாது, நாய் எங்கே இருக்கிறது என்று சொல்லவும் செய்யாது. 15 இலக்கம்தான். ஆனால் அந்த எண்ணுக்கு எதிரே சரியான போன் நம்பர் இருந்தது. சுட்டிக்கு நீ வீடு மாறிய பிறகு நம்பர் மாற்றினாயா, பார்.

நாய் கிடைத்துவிட்டது, காலில் ஒரு கீறல்தான். பிறகு ஏன் ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோயின என்று நான் தம்பியைக் கேட்டேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, அக்காதான் போவதை நிறுத்திவிட்டாள் என்றான். நீ அவனிடம் சொன்னதை அப்படியே சொன்னான். "சின்ன வயசுலயே கைய விட்டவதானடா நான், என்னை நம்பி யாரும் நாயைத் தரக்கூடாது."

இதைக் கேட்ட பிறகு எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

முதலில் ஒல்லி விஷயம். அந்த நாயின் தலையைப் பார். கழுத்தை விடத் தலை சிறுத்த சாதி அது. சாதாரணப் பட்டையை எவ்வளவு இறுக்கிப் போட்டாலும், பின்பக்கமாக ஒரு இழுப்பு இழுத்தால் தலை வழியே உருவிக்கொண்டு வந்துவிடும். கயிறும் பட்டையும் உன் கையில் இருந்ததா இல்லையா? இருந்தது என்று தம்பி சொன்னான். அப்படியானால் நீ விடவில்லை. நீ பிடித்துக்கொண்டுதான் இருந்தாய்.

மணி போன அன்றைக்கும் அப்படித்தான்.

இதை நான் 26 வருஷம் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். உனக்கு எட்டு வயது, தம்பிக்கு நாலு. அக்டோபர் கடைசி. அந்தச் சரிவில் நீ இலை பொறுக்கிக்கொண்டே இருந்தாய். இன்னும் அஞ்சு நிமிஷம்பா, இன்னும் அஞ்சு நிமிஷம்பா என்று. இருட்டிக்கொண்டு வந்தது. எனக்கு எரிச்சல். தம்பி தோளில் தூங்கிவிட்டான். ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மணியின் பட்டையில் கொக்கியை மாட்டினேன். அந்தக் கொக்கி மாட்டினால் "டக்" என்று ஒரு சத்தம் வரும், உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு அந்தச் சத்தம் வரவில்லை. வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. குனிந்து பார்க்கவில்லை. கயிற்றை உன் கையில் கொடுத்து, "பிடி, நட" என்றேன்.

மணி ஓடியதும் நீ அலறினாய். நான் திரும்பிப் பார்த்தபோது கயிறு உன் கையில் இருந்தது. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாய். கை விட்டிருந்தால் கயிறும் நாயோடு போயிருக்குமே, பாப்பா. எட்டு வயதுக் குழந்தைக்கு அது தோன்றாது. எனக்குத் தோன்றியது. அந்த நிமிஷமே தோன்றியது. உன் கையிலிருந்து கயிற்றை வாங்கிப் பார்த்தேன். கொக்கியின் வாயில் ஒரு இலைக்காம்பு சிக்கி, ஸ்பிரிங் பாதியில் நின்றிருந்தது. காம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கொக்கியைக் கோட் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், யார் கையில் இருந்தது என்று. பாப்பா கையில் என்றேன். அது உண்மைதான். கயிறு உன் கையில்தான் இருந்தது. அந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டு 26 வருஷம் ஓட்டிவிட்டேன். அம்மா அதை மாமா வீட்டில் சொன்னாள், அத்தைகளிடம் சொன்னாள், உன் கல்யாணத்தில்கூட யாரோ வேடிக்கையாகச் சொன்னார்கள், "மாப்பிள்ளையையாவது கெட்டியாப் பிடிச்சுக்கோம்மா" என்று. எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கும் சொல்லவில்லை.

நீ அப்புறம் 20 வருஷம் எந்த நாயையும் தொடவில்லை. தெருவில் நாய் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாய். பயம் என்று நினைத்தோம், அதாவது அம்மா நினைத்தாள். சுட்டியை எடுத்துக்கொண்டு வந்தாய் என்று கேள்விப்பட்ட அன்று எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. சரியாகிவிட்டது, இனி சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். படத்தில் உன் மணிக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் சரியாகவில்லை என்று தெரிந்தது. அதனால்தான் கயிறு கயிறு என்று எழுதிக்கொண்டே இருந்தேன், ஒவ்வொரு வருஷமும். விரல் ஒடியும் என்பதும் உண்மைதான்.

இன்னொன்று. மணியைத் தேட நான் மூன்று நாள்தான் போனேன். சத்தம் போட்டுக்கொண்டே காடு முழுக்க ஓடினேன். அப்படி ஓடக்கூடாதாம், பயந்த நாய் இன்னும் தூரம்தான் போகுமாம். கடைசியாகப் பார்த்த இடத்தில் நாம் உடுத்திய துணி ஒன்றைப் போட்டு வைத்தால் வாசனைக்குத் திரும்பி வந்து அதன் மேல் படுத்திருக்கும் நாய்கள் உண்டாம். நீ உன் ஸ்வெட்டரைக் கழற்றி அங்கே வைக்கிறேன் என்று அழுதாய், ஞாபகம் இருக்கிறதா? குளிரும், போடு என்று அதட்டினேன். உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

மேலே எழுதியதை எல்லாம் மத்தியானம் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். உனக்கு அனுப்பும் முன் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. இரண்டு தடவை படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் என் கருவிப் பெட்டியைத் திறந்தாள். அந்தக் கொக்கி அதில் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. எடுத்துவந்து மேசை மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்னும் பேசவில்லை. உனக்குத் தனியாக எழுதுவாள் என்று நினைக்கிறேன். அவளை ஒன்றும் சொல்லாதே. நான் சொன்னதைத்தான் அவள் சொன்னாள்.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியவில்லை. கோபம் வந்தால் பட்டுக்கொள். போன் பண்ணித் திட்ட வேண்டுமானால் ராத்திரி ஒன்பதுக்கு மேல் பண்ணு. நானே எடுக்கிறேன்.

ஒரு வேலை இருக்கிறது உனக்கு. ஒல்லிக்கு நான் ஒரு மார்புப்பட்டை வாங்கப் பார்த்திருக்கிறேன். ஹார்னஸ் என்கிறார்களே அதுதான், வயிற்றுப் பக்கமும் ஒரு வார் வருகிற மாதிரி, பின்னால் இழுத்தாலும் உருவ முடியாது. இருட்டில் தெரிகிற ஆரஞ்சு நிறம். அளவு தெரியாமல் வாங்க முடியவில்லை. முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், மார்பு அகலமாக இருக்கும் இடத்தில் டேப்பைச் சுற்றி, இரண்டு விரல் நுழையும் இடைவெளி விட்டு அளக்க வேண்டும். வயிறு ஒடுங்கும் இடத்தில் இன்னொரு அளவு. நாய் நின்றுகொண்டிருக்க வேண்டும், ஒருவர் பிடித்துக்கொள்ள ஒருவர் அளக்க வேண்டும், தனியாக முடியாது. அந்தப் பெண் வீட்டுக்குப் போய் அளந்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா